தமனிப் படிவின் அடுத்த கட்டம்: படம் எவ்வளவு தூரம் சொல்லும்?

அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் லிட்டில் என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1988இல் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஏதோ காரணத்துக்காக ஆஞ்சியோ எடுத்துக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் புதிதாக ஒரு தமனி முழுக்க அடைபட்டவர்கள் 29 பேர். பழைய படங்களை மறுபடி எடுத்துவைத்து, பிற்பாடு அடைபடப்போகும் அந்தத் தமனி அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். 19 பேருக்கு அதில் இருந்த சுருக்கம் 50 சதவீதத்துக்கும் குறைவு. ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் 70 சதவீதத்துக்குக் கீழே. முதல் படத்தில் மிக மோசமான சுருக்கம் தெரிந்த தமனியே பிறகு மாரடைப்புக்கும் காரணமானது 10 பேருக்கு மட்டும்தான்.

ஆஞ்சியோ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பர்சென்ட் பிளாக், டாக்டர்?’ என்பதுதான். ஸ்டென்ட் வைப்பதா, பைபாஸா, மாத்திரை போதுமா என்று முடிவெடுக்க அந்த எண் உதவும். நடந்தால் நெஞ்சு வலிப்பது ஏன் என்பதற்கும் அதில் விளக்கம் உண்டு. அடுத்த ஐந்து வருடத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால் அந்த எண் திணறுகிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய வேறு படம் உண்டா என்று 35 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிவருகிறார்கள். அந்தத் தேடலைத் தொடர்ந்து வாசித்ததில் எனக்குப் பட்டது இது: தமனிச் சுவரில் சேரும் தனியொரு கொழுப்புப் படிவின் கதி என்ன ஆகும் என்று சொல்வதில் படங்கள் இன்றும் தடுமாறுகின்றன. அந்தப் படிவைச் சுமந்து நடக்கும் ஆளின் கதியைச் சொல்வதில் நன்றாகவே தேறிவிட்டன. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஸ்கேன் மையத்தின் விளம்பரத்திலிருந்து ஆய்விதழின் தலையங்கம் வரை பல இடங்களில் மிகையான வாக்குறுதிகள் பிறக்கின்றன.

ஆஞ்சியோ காட்டுவது குழாயின் உள்வெளியை. சாய மருந்து கலந்த ரத்தம் ஓடும் பாதையின் எக்ஸ்ரே நிழல் அது. படிவோ சுவருக்குள்ளே வளர்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோயியல் நிபுணர் சீமோர் கிளாகோவ் இறந்துபோன 136 பேரின் இதயங்களில் இடது முதன்மைத் தமனியைக் குறுக்கே வெட்டி அளந்து 1987இல் எழுதினார்: படிவு சேரச் சேரத் தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம்கொடுக்கிறது. தமனியின் குறுக்குவெட்டில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொள்ளும் வரை ரத்தம் ஓடும் பாதை குறுகுவதில்லை. போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்புப் படிந்து துவாரம் சிறுத்துக்கொண்டே போவதைத்தான் மாரடைப்புக்கு உவமையாக நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தமனி அப்படி நடந்துகொள்வதில்லை. அது உயிருள்ள திசு. வருகிற சுமைக்கு ஏற்பத் தன் சுற்றளவை மாற்றிக்கொள்கிறது. ஆஞ்சியோ படத்தில் வழவழப்பாகத் தெரியும் தமனியின் சுவருக்குள் இருபது வருடத்துக் கொழுப்பு ஒளிந்திருக்கலாம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. லிட்டிலின் ஆய்வைப் பிடித்துக்கொண்டு, ‘சின்ன அடைப்புதான் ஆளைக் கொல்லும்’ என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது பாதி உண்மை. தனித்தனியாகப் பார்த்தால் பெரிய அடைப்பு சராசரியாகச் சின்ன அடைப்பைவிட ஆபத்தானதுதான். ஆனால் ஒருவருடைய தமனிகளில் பெரியவை ஒன்றிரண்டு இருந்தால் சின்னவை பல இருக்கும். கூட்டிப் பார்க்கும்போது சின்னவற்றின் பங்கு பெரிதாகிவிடுகிறது. அதோடு, பெரிய அடைப்பைப் பார்த்த மருத்துவர் அன்றே அதற்கு ஏதாவது செய்திருப்பார்; செய்யாமல் விட்டவைதான் இந்த ஆய்வுகளின் கணக்கில் வந்து சேர்கின்றன.

சின்னவற்றில் எது வெடிக்கும்? இதற்கு முதலில் விடை தேடியவர்கள் பிணவறையில் வேலை பார்த்தவர்கள். டெல்லியில் மருத்துவம் படித்து அமெரிக்காவுக்குப் போன ரேணு விர்மானியும் அவருடன் பணியாற்றியவர்களும் திடீரென இறந்தவர்களின் இதயங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார்கள். வெடித்த படிவுகள் ஒரே சாயலில் இருந்தன: நடுவே செத்த செல்களும் கொழுப்பும் கலந்த கூழ், அதை ரத்தத்திலிருந்து பிரிக்கும் மெல்லிய நார்மூடி. அந்த மூடி கிழிந்தால் உள்ளே இருக்கும் கூழில் ரத்தம் பட்டு அங்கேயே உறையும். நிமிடங்களில் தமனி அடைபடும். வெடித்த இடங்களில் அளந்ததை வைத்து 65 மைக்ரானை எல்லையாக வகுத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. அதைவிட மூடி மெல்லிதாக இருந்தால் ஆபத்து.

இறந்தவரிடம் கண்ட அடையாளத்தை உயிரோடு இருப்பவரிடமும் கண்டுவிட்டால் போதும், மாரடைப்பை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை 1990களில் பெருகியது. தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் முனையை நுழைத்துச் சுவரைப் படம் பிடிக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1991இல் பிறந்த, அகச்சிவப்பு ஒளியால் படமெடுக்கும் ஓசிடி முறை பின்னாளில் தமனிக்குள்ளும் நுழைந்தது. 10 முதல் 15 மைக்ரான் வரை பிரித்துக் காட்டக்கூடியது அது. மூடியின் கனத்தை நேரடியாகவே அளக்கலாம்.

நம்பிக்கைக்குப் பெரிய சோதனையாக வந்தது 2011இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வு. மாரடைப்போ அதற்கு நெருக்கமான நிலையோ வந்து சிகிச்சை பெற்ற 697 பேரின் மூன்று தமனிகளையும் உள்ளிருந்து அல்ட்ராசவுண்டால் படமெடுத்து, மூன்று வருடங்களுக்கு மேல் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முதலில் தொந்தரவு கொடுத்த இடத்திலிருந்து பிரச்சினை திரும்ப வந்தது எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பிரச்சினை வேறு புதிய இடங்களிலிருந்தும் வந்தது. அந்தப் புதிய இடங்கள் முதல் ஆஞ்சியோவில் சராசரியாக 32 சதவீதச் சுருக்கமே காட்டியவை. படிவின் சுமை 70 சதவீதத்துக்கு மேல், பாதையின் பரப்பு 4 சதுர மில்லிமீட்டருக்குள், மெல்லிய மூடியின் சாயல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய படிவுகள் மிகவும் ஆபத்தானவை என்று தெரிந்தது. எவ்வளவு ஆபத்து? மூன்று வருடத்தில் 18 சதவீதம். ஐந்தில் நான்கு படிவுகள், எல்லாக் கெட்ட லட்சணங்களும் பொருந்தியிருந்தும், எதுவும் செய்யாமல் சும்மா இருந்தன. வந்த தொந்தரவுகளிலும் பெரும்பாலானவை மரணமோ மாரடைப்போ அல்ல; நெஞ்சுவலி கூடி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்ததுதான்.

ஏன் சும்மா இருந்தன என்பதற்கு ஜப்பானியரான தகாஷி குபோவின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. மெல்லிய மூடி கொண்டவை என்று படத்தில் வகைப்படுத்தப்பட்ட 20 படிவுகளை ஒரு வருடம் கழித்து மறுபடியும் படமெடுத்தார்கள். 15 படிவுகள் அந்த வகையிலிருந்தே வெளியேறியிருந்தன. மூடி தடித்து ஆறியிருந்தது. 5 மட்டும் அப்படியே இருந்தன. அதே ஒரு வருடத்தில், முன்பு வேறு வகையில் இருந்த இடங்களில் 12 புதிய மெல்லிய மூடிகள் முளைத்திருந்தன. ஆபத்தான படிவு என்று இன்றைக்கு முத்திரை குத்தினால் அடுத்த தீபாவளிக்குள் அது சாதுவாகிவிடலாம். இன்றைக்குச் சாதுவாகத் தெரிவது ஆபத்தானதாக மாறியிருக்கலாம்.

இதைவிட ஒரு படி மேலே போய்க் குழப்பும் உண்மை ஒன்று உண்டு. வெடிக்கும் படிவுகள் எல்லாம் மாரடைப்பைத் தருவதில்லை. மூடி கிழிகிறது, சிறிதாக ரத்தம் உறைகிறது, உறைந்த கட்டி மேல் புதுத் திசு படர்ந்து ஆறுகிறது. ஆளுக்கு எதுவுமே தெரிவதில்லை. மைக்கேல் டேவிஸ் லண்டனிலும் விர்மானியின் குழு அமெரிக்காவிலும் இந்த ஆறிய தழும்புகளை அடுக்கடுக்காகக் கண்டார்கள். இதயநோயால் திடீரென இறந்த ஆண்களின் இதயங்களை விர்மானியின் குழு ஆராய்ந்தபோது பத்தில் ஆறில் இத்தகைய பழைய தழும்பு இருந்தது. ஆகவே படிவு வருடா வருடம் ஒரே சீராக வளர்வதில்லை. நெடுநாள் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே இரவில் ஒரு சுற்று பருக்கும். இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு, அதையே நீட்டி மூன்றாவது புள்ளியைச் சொல்ல முற்படுபவர்களுக்கு இது பெரும் சிக்கல்.

ரத்த ஓட்டத்தின் கணிதத்தை நம்பியவர்களும் இருக்கிறார்கள். தமனி முழுவதும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது, அதே கொலஸ்ட்ரால்தான். படிவு மட்டும் ஏன் கிளை பிரியும் இடத்தின் வெளிச்சுவரிலும் வளைவின் உட்பக்கத்திலும் அமர்கிறது? வேகமாக உரசும் ரத்தம் சுவரைக் காயப்படுத்துவதால் என்று 1968இல் டொனால்ட் ஃப்ரை கருதினார். மறு வருடமே லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் கேரோ அதைத் தலைகீழாக்கினார்: உரசல் குறைந்து ரத்தம் மந்தமாகத் தேங்கும் இடங்களில்தான் படிவு வருகிறது. கேரோ சொன்னதே நிலைத்தது. சுவரின் உட்தோல் செல்கள் ரத்தத்தின் உரசலை உணரக்கூடியவை. போதிய உரசல் கிடைக்காத செல்கள் அழற்சிக்கு இடம்கொடுக்கின்றன. ஒருவருடைய தமனியின் முப்பரிமாணப் படத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஓடும் திரவத்தின் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, எந்தெந்த மில்லிமீட்டரில் உரசல் குறைவு என்று வரைபடம் போட முடியும். ஜப்பானில் 506 பேரிடம் நடந்து 2012இல் வெளியான பிரெடிக்‌ஷன் ஆய்வு இதைத்தான் செய்தது. பெரிய படிவும் குறைந்த உரசலும் ஒன்றுகூடிய இடங்கள் மோசமாகும் என்று சொன்னது 41 சதவீதம் பலித்தது. மோசமாகாது என்று சொன்னது 92 சதவீதம் பலித்தது. அபாய மணியைவிட ‘பயமில்லை’ என்ற சான்றிதழே நம்பத் தகுந்ததாக இருந்தது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது.

மேலே சொன்ன முறைகள் பெரும்பாலும் தமனிக்குள் கம்பி நுழைத்துச் செய்பவை. நோய் வெளிப்படாத ஒருவரிடம் அதைச் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். ஆகவே கணிப்பு என்ற ஆசை சிடி ஸ்கேனின் பக்கம் திரும்பியது இயல்பு.

சிடி ஆஞ்சியோ எடுக்கும் அறையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அதன் வலிமையும் வரம்பும் சேர்ந்தே புரியும். வருபவரின் நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 60க்குப் பக்கத்தில் கொண்டுவர மெட்டோபுரோலால் மாத்திரை கொடுக்கிறார்கள். தமனிகள் விரிந்துகொடுக்க நாக்குக்கு அடியில் நைட்ரேட் மருந்து. முழங்கை மடிப்பில் வென்ஃபிளான் ஊசி வழியாகச் சாய மருந்து பாய்கிறது. உடம்பு முழுக்கச் சூடு பரவுவதாக எல்லோரும் சொல்வார்கள். சில நொடிகள் மூச்சை அடக்க வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும் அந்தக் கணப்பொழுதில் படம் விழுகிறது. கிடைப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனசதுரங்களால் ஆன உருவம். இதயத் தமனியே தொடக்கத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதாவது தமனியின் முழுக் குறுக்களவுக்கும் ஆறு முதல் எட்டுச் சதுரம். 65 மைக்ரான் மூடி இதில் ஒரு சதுரத்தின் எட்டில் ஒரு பங்கு. சிடியால் அந்த மூடியைப் பார்க்கவே முடியாது.

அது பார்ப்பது அடர்த்தியை. இந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. சுண்ணாம்பு ஏறிய படிவு 130க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். கொழுப்புக் கூழ் நிறைந்த படிவு 30க்கும் கீழே இருக்கும். கணினித் திரையில் ஒவ்வொரு அடர்த்திக்கும் ஒரு வண்ணம் பூசி, எவ்வளவு கன மில்லிமீட்டர் சுண்ணாம்பு, எவ்வளவு நார், எவ்வளவு கூழ் என்று மென்பொருள் கூட்டிச் சொல்கிறது. கேட்பதற்குத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை மாற்றினாலோ, பாதையில் சாய மருந்து கூடக் குறைய இருந்தாலோ பக்கத்துச் சுவரின் எண்ணும் நகரும். சுண்ணாம்பு தன் உண்மை அளவைவிடப் பருத்துத் தெரியும். போன வருடம் ஓர் ஊரில் ஒரு கருவியில் எடுத்ததையும் இந்த வருடம் வேறு ஊரில் வேறு கருவியில் எடுத்ததையும் கழித்துப் பார்த்து ‘மூன்று சதவீதம் வளர்ந்திருக்கிறது’ என்று சொல்பவரிடம், அந்த மூன்றில் எத்தனை படிவுடையது, எத்தனை கருவியுடையது என்று கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு குறை இருந்தும் சிடி தந்திருக்கும் தகவல்கள் அசாதாரணமானவை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் சிடி எடுத்துக்கொண்டவர்களின் படங்களை அளந்து 2020இல் வெளியிட்டார்கள்: கூழ்ப் படிவின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. எவ்வளவு சுருக்கம் என்பதையும், தமனியில் ஏறிய சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோரையும்விட அது நன்றாகக் கணித்தது.

என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது ஜப்பானின் சடாகோ மோட்டோயாமாவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு. 449 பேருக்கு இரண்டு முறை சிடி எடுத்து ஒப்பிட்டார்கள். கெட்ட லட்சணமுள்ள படிவும் இருந்து, இரண்டு படங்களுக்கு இடையில் அது வளர்ந்தும் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு மாரடைப்போ அதையொத்த நிலையோ வந்தது. லட்சணம் இல்லாமல் வளர்ச்சி மட்டும் இருந்தவர்களில் 10 சதவீதம். கெட்ட லட்சணம் இருந்து, வளராமல் நின்றவர்களில்? ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை சிறியது, ஒரே நாட்டு அனுபவம் என்ற தயக்கங்களோடு சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. உருவத்தைவிட நகர்வு முக்கியம்.

நகர்வைப் பெரிய அளவில் தொகுக்க முயன்றது பாரடைம் பதிவேடு. ஏழு நாடுகளின் 13 மையங்களிலிருந்து, குறைந்தது இரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறை சிடி எடுத்த 2,252 பேரின் படங்கள் அதில் சேர்ந்தன. அதிலிருந்து 1,083 பேரை எடுத்துக்கொண்டு, யாருக்குப் படிவு வேகமாக வளரும் என்று முதல் படத்திலிருந்தே சொல்லக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமனியின் கொள்ளளவில் படிவின் பங்கு வருடத்துக்கு ஒரு சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் அது வேகமான வளர்ச்சி. ஐந்தில் ஒருவர் அப்படி இருந்தார். வேகமாக வளர்ந்த ஒருவரையும் வளராத ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கணினி 100க்கு 83 முறை சரியான ஆளைக் காட்டியது. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று வழக்கமான கணக்கை மட்டும் பார்த்தால் 60 முறை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். கணினி எதை வைத்துச் சொன்னது என்று பிரித்துப் பார்த்தபோது, ரத்தப் பரிசோதனை எண்களைவிட முதல் படத்திலேயே இருந்த படிவின் அளவுகள் அதிகக் கனம் பெற்றிருந்தன. ஏற்கெனவே இருப்பவருக்கே மேலும் சேரும் என்பதுதான் அதன் சாரம். வட்டிக்கடைக்காரருக்குப் புதிய செய்தி அல்ல. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: ஏதோ மருத்துவக் காரணம் இருந்ததால்தான் இவர்கள் இரண்டாவது முறை சிடி எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத ஊர்க்காரருக்கு இந்தக் கணினியின் 83 அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அதே பதிவேடு இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களின் படிவு வருடத்துக்கு 1.76 சதவீதப் புள்ளி கூடியது, சாப்பிடாதவர்களுக்கு 2.04. குறைந்தது சரி. ஆனால் சுண்ணாம்பேறிய படிவை மட்டும் தனியாக எடுத்தால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம்: 1.27க்கு எதிராக 0.98. கூழ் வற்றுகிறது, சுண்ணாம்பு இறுகுகிறது, புதிதாகக் கெட்ட லட்சணம் தோன்றுவது குறைகிறது. மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. இப்போது இந்த மனிதர் இரண்டு வருடம் கழித்து ஒரு ஹெல்த் செக்கப்புக்குப் போய்க் கால்சியம் ஸ்கோர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 ஆக இருந்தது 140 ஆகியிருக்கும். ‘மாத்திரை சாப்பிட்டும் ஏறிவிட்டதே’ என்று பயந்து, மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயமும் பூண்டும் போதும் என்று முடிவெடுக்க அந்த ஒரு தாள் போதும்.

கால்சியம் ஸ்கோர் 1990இல் ஃபுளோரிடாவின் ஆர்தர் அகாட்ஸ்டன் வகுத்தது. பிற்காலத்தில் ‘சவுத் பீச்’ உணவுமுறைப் புத்தகம் எழுதிப் பெரும் புகழ் பெற்றவரும் அவரே. சாய மருந்து வேண்டாம், கதிர்வீச்சு குறைவு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எவ்வளவு நாளாக நோய் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய மெசா ஆய்வின் 6,814 பேரிடமிருந்துதான் அதன் மதிப்பு உறுதியானது. அந்த 6,814 பேரும் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர். தெற்காசியர் இல்லை.

நமக்கு இது சிறிய விடுபடல் அல்ல. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் வயதின் நடுமதிப்பு 53. மற்ற நாடுகளில் 58.8. இந்தக் குறையை நிரப்ப, சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் வாழும் 906 தெற்காசியர்களைக் கொண்டு 2010இல் தொடங்கியது மசாலா ஆய்வு (பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு). அதில் தெரிந்தது: தெற்காசிய ஆண்களின் தமனிச் சுண்ணாம்பு வெள்ளையரின் அளவை ஒத்திருக்கிறது, மற்ற மூன்று பிரிவினரைவிட அதிகம். வெள்ளையரைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது சற்றே ஏமாற்றம். நம் ஆட்களின் முன்கூட்டிய மாரடைப்பு முழுவதையும் சுண்ணாம்பை எண்ணிக் கண்டுபிடித்துவிட முடியாது என்பதற்கான அறிகுறியாகவே இதை நான் வாசிக்கிறேன்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. படிவில் சுண்ணாம்பு ஏற வருடங்கள் பிடிக்கும். மேற்கு டென்மார்க்கில் நெஞ்சுவலி போன்ற அறிகுறிகளோடு வந்த 23,759 பேரின் படங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். பெரிய அடைப்பு இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 70 வயதைத் தாண்டியவர்களில் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்று வந்தவர்கள் 5 சதவீதம்தான். 40 வயதுக்கு உட்பட்டவர்களில் 58 சதவீதம். முப்பத்தெட்டு வயதில், அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் பிறந்து, பூஜ்யம் என்ற தாளைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் புகைப்பவரை இந்த எண் காப்பாற்றாது. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே பூஜ்யம் பெரிய ஆறுதல்.

சுவரை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்கும் யோசனை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. தமனிகள் கொழுப்புத் திசுவில் புதைந்து ஓடுகின்றன. சுவர் அழற்சியுற்றால் அதிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் பக்கத்துக் கொழுப்புச் செல்களைப் பருக்க விடாமல் தடுக்கின்றன. கொழுப்புக் குறைந்து ஈரம் கூடுவதால் அந்தத் திசுவின் ஹௌன்ஸ்ஃபீல்ட் எண் சற்றே மேலேறுகிறது. கரலாம்பஸ் அன்டோனியாடிஸின் குழு 2018இல் மைனஸ் 70.1 என்ற எல்லையை வகுத்தது. அதைத் தாண்டியவர்களுக்கு இதயநோயால் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத நிற வேறுபாடு அது. கணினிக்கு மட்டும் தெரியும். இதே குழு பிரிட்டனின் எட்டு மருத்துவமனைகளில் சிடி எடுத்த 40,091 பேரை ஆராய்ந்து 2024இல் எழுதியது இந்தத் துறையின் நிலைமையை அப்படியே படம்பிடிக்கிறது: ஐந்தில் நான்கு பேருக்குப் பெரிய அடைப்பு எதுவும் இல்லை, பிற்பாடு வந்த பெரிய இதயப் பிரச்சினைகளில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததோ அவர்களுக்குத்தான். எடின்பரோவில் சோடியம் ஃபுளோரைடைக் கொண்டு பெட் ஸ்கேனில் நுண்சுண்ணாம்பைத் தேடும் முறையும் 2014இல் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்குச் சரியாகக் குற்றவாளிப் படிவிலேயே அது ஒளிர்ந்தது. நடந்துமுடிந்ததை அவ்வளவு அழகாகக் காட்டிய அதே முறை, நடக்கப்போவதைச் சொல்லும்படி 704 பேரிடம் சோதிக்கப்பட்டபோது முதன்மை இலக்கை எட்டவில்லை. மரணத்தையும் மாரடைப்பையும் மட்டும் தனியாகப் பார்த்தால் தொடர்பு இருந்தது என்று 2023இல் எழுதினார்கள்.

சரி, கணித்து என்ன செய்வது? ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சோதனைகளோடு சிடியும் எடுத்தார்கள். ஐந்து வருட முடிவில் சிடி எடுத்த பக்கம் இதயநோய் மரணமும் மாரடைப்பும் 2.3 சதவீதம், எடுக்காத பக்கம் 3.9. ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய சமம். கூடியது மாத்திரைதான். படத்தில் படிவைப் பார்த்த மருத்துவரும் நோயாளியும் ஸ்டாட்டினையும் ஆஸ்பிரினையும் அதிகம் கையில் எடுத்தார்கள். எந்தப் படிவு வெடிக்கும் என்று யாரும் கணிக்கவில்லை. இந்த ஆளுக்குப் படிவு இருக்கிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

வெடிக்கப்போகும் படிவையே தேடிப்போய் மூடுவோம் என்ற எதிர்த்தரப்பு 2024இல் பிரிவென்ட் ஆய்வோடு வந்தது. தென்கொரியாவின் தலைமையில் நான்கு நாடுகளில் 1,606 பேர். ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் உள்ளிருந்து எடுத்த படத்தில் கெட்ட லட்சணம் காட்டிய படிவுகள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். மறு பாதிப் பேருக்கு மாத்திரையோடு அந்தப் படிவின் மேல் முன்கூட்டியே ஸ்டென்ட் அல்லது கரையும் சட்டகம். இரண்டு வருடத்தில் தொந்தரவு வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 0.4 சதவீதம், மாத்திரைப் பக்கம் 3.4. வெற்றிதான். ஆனால் அந்தத் தொந்தரவுகளில் கணிசமானவை நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்ந்ததும் பிறகு ஸ்டென்ட் வைத்துக்கொண்டதும். மொத்த மரணத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 100க்கு 96 பேருக்கு மேல், ‘வெடிக்கும்’ என்று படம் சொன்ன படிவோடு, இரண்டு வருடத்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் கடந்தார்கள். மற்ற மூன்று பேரை முன்கூட்டியே பிரித்தெடுக்க, கையில் இருந்த மிகத் துல்லியமான படத்தாலும் இயலவில்லை. அவர்களுக்காக நூறு பேருக்கும் ஸ்டென்ட் வைக்கலாமா என்பதில் இதய மருத்துவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.